கொடைக்கானலில் இருந்து 11 கிலோ பீச் பழம் வந்திருக்கிறது: நம் ஊர் வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது?

வெயிலுகந்தாள் (பாளையங்கோட்டை), மே 9, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி கொடைக்கானலில் வேலை பார்க்கிறான். ஊரில் கோவில் கொடை என்றால் எப்படியும் வந்துவிடுவான். இந்தத் தடவை வரும்போது ஒரு பெட்டி பீச் பழம் கொண்டுவந்திருக்கிறான். எடை போட்டேன், 11 கிலோ இருக்கிறது. வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான்.

போன வருடமும் இதே மாதிரி ஒரு பெட்டி வந்தது. அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து, வந்த அன்றைக்கே அத்தனையையும் ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டேன். பாதிப் பழம் அப்போது கல்லு மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் வெளியே நல்ல நிறம், ஒரு சுருக்கம்கூட இல்லை. கடித்தால் உள்ளே பஞ்சு. சாறே இல்லை. கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறிக் கிடந்தது. கடைசியில் வாழைக்குழியில் கொண்டுபோய்க் கொட்டினோம். தம்பி மலையில் இருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பழம், மனசு ஆறவே இல்லை.

இந்தத் தடவை ஃப்ரிட்ஜைத் திறக்கவே இல்லை. பெட்டி கூடத்தில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மெத்தென்று இருக்கிறது, மற்றதெல்லாம் காய்ப் பதம். வெளியே வைத்தால் அழுகுமோ, உள்ளே வைத்தால் பஞ்சாகுமோ என்று இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதிகைக்காற்று (செங்கோட்டை), மே 9, இரவு 9.15

அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் மாங்காயை அப்படித்தான் பழுக்க வைப்போம். மூன்றே நாள்.

சோதனைக்குழாய் (திருநெல்வேலி), மே 9, இரவு 9.40

வெயிலுகந்தாள் அக்கா, போன வருடம் பழத்தைக் கெடுத்தது வெயில் இல்லை, ஃப்ரிட்ஜ்தான். உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பீச்சுக்குக் குளிர் ஆகாது என்பதில்லை. குளிர்பதனக் கிடங்கில் 0 டிகிரியை ஒட்டி, 90 முதல் 95 சதவீதம் ஈரப்பதத்தில் வைத்தால் சில வாரம் தாங்கும். கெடுதல் எல்லாம் ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரிக்குள் நடக்கிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுவது 4, 5 டிகிரியில். அதாவது காய்ப் பதத்தில் இருக்கிற பீச்சுக்கு இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான்.

பழம் மெத்தென்று ஆவதற்கு அதன் சதைக்குள் இருக்கும் பெக்டின் என்கிற பசைப்பொருள் ஒழுங்காகக் கரைய வேண்டும். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நொதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அந்த நடுத்தரக் குளிரில் ஒரு நொதி வேலை செய்கிறது, இன்னொன்று முடங்கிவிடுகிறது. அரைகுறையாக உடைந்த பெக்டின், சாற்றைக் கூழ் போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் கடித்த பழத்தில் சாறு போய்விடவில்லை, உள்ளேயேதான் இருந்தது. வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். பல வாரம் வைக்க வேண்டாம், பத்து நாளே போதும், இந்த வேலை நடந்துவிடும்.

ஆகவே முதலில் வெளியே வைத்துப் பழுக்க விடுங்கள். பழுத்த பழத்தை மட்டும் உள்ளே வையுங்கள். பழுத்த பிறகு அதே ஃப்ரிட்ஜில் மூன்று முதல் ஐந்து நாள் வரை நன்றாக இருக்கும்.

அரிசிப் பானை வேண்டாம் தம்பி. மாங்காய்த் தோல் தாங்கும், பீச் தாங்காது. பானைக்குள் சூடும் ஏறும், கீழே இருப்பது நசுங்கியும் போகும். நசுங்கின இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

மலைத்தோட்டம் (கொடைக்கானல், வீட்டுக்காரி ஊர் அம்பாசமுத்திரம்), மே 9, இரவு 10.20

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் பீச், பிளம்ஸ், பேரி மூன்றும் உண்டு. மாமியார் வீட்டுக்கு வருடா வருடம் பெட்டி கொண்டுபோய் அடி வாங்கிக் கற்றுக்கொண்டது இது.

முதலில் பழத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாரும் சிவப்பைப் பார்த்து ஏமாறுகிறார்கள். சிவப்பு என்பது வெயில் பட்ட பக்கம், அவ்வளவுதான். காம்புக் குழியைச் சுற்றி அடி நிறம் என்ன என்று பாருங்கள். அங்கே பச்சை இருந்தால் காய். பச்சை போய் மஞ்சளோ வெண்மஞ்சளோ வந்திருந்தால் முற்றிவிட்டது, வெளியே வைத்தால் பழுக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள், பெருவிரல் பட்ட இடம் மறுநாள் கறுக்கும். உள்ளங்கையில் வைத்து லேசாகப் பிடித்தால் போதும். மூக்குக்கு மணம் வந்துவிட்டதென்றால் இன்றைக்கே சாப்பிட வேண்டிய பழம்.

இன்னொன்று. மாங்காயில் மாவுச்சத்து உண்டு, பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறும். பீச்சில் அப்படிச் சேமிப்பு கிடையாது. பச்சையாகப் பறித்தது மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது. அதனால் அடி நிறம் நல்ல பச்சையாக இருக்கிறதைப் பழுக்க வைக்கக் காத்திருக்காதீர்கள், அதற்கு வேறு வழி உண்டு. இன்று இரவே பெட்டியை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். மணக்கிறது ஒன்று, அடி மஞ்சளாகி இன்னும் கெட்டியாக இருப்பது ஒன்று, பச்சை ஒன்று. அடிபட்டது, ஓட்டை விழுந்தது எதையும் மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

அரங்குவீடு (கல்லிடைக்குறிச்சி), மே 10, காலை 6.05

மகளே, எங்கள் வீட்டுக்கும் மலையில் இருந்து பழம் வரும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

இரண்டு சுளகு (முறம்) எடு. மேலே பழைய வேட்டித் துணியை விரித்து, பழத்தைக் காம்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி ஒன்றோடொன்று படாமல் அடுக்கு. ஒரே வரிசைதான், மேலே மேலே வைக்காதே. மேலே ஒரு தாள் போட்டு மூடு. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எதுவோ அங்கே வை. எங்கள் அரங்குக்குள் (வீட்டின் உள்ளறை) மத்தியானத்திலும் வெக்கை தெரியாது. உனக்கு அரங்கு இல்லையென்றால் தண்ணீர்ப் பானை வைக்கிற மணல் பக்கத்தில் வை. மணல்மேல் வைக்காதே, ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பக்கத்தில் வைத்தால் போதும்.

காலையும் சாயந்தரமும் ஒரு தடவை முகர்ந்து பார். மணம் வந்ததை எடுத்துக்கொண்டே இரு. கழுவாதே. தின்னப் போகிறபோதுதான் கழுவ வேண்டும்.

வெயிலுகந்தாள், மே 10, காலை 7.30

ஆச்சி, அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. இரவே பிரித்துவிட்டேன். மணக்கிறது 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மஞ்சள் அடி 5 கிலோ. பச்சை 2 கிலோ. அடிபட்டது முக்கால் கிலோ, அதை வெட்டி நல்ல பக்கத்தை இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டோம். ஒரு பழத்தில் வெள்ளை நூல் மாதிரிப் பூசணம், நுனியில் கறுப்புப் புள்ளி. அதை எறிந்துவிட்டேன். பக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டையும் எறியணுமா?

சோதனைக்குழாய், மே 10, காலை 8.10

நீங்கள் சொல்வது ரைசோபஸ் பூஞ்சை மாதிரித் தெரிகிறது. தொட்ட பழத்துக்கெல்லாம் பரவும், வெக்கையில் ஒரே நாளில் கூடு கட்டிவிடும். ஒட்டியிருந்த இரண்டில் மெத்தென்ற இடமோ ஈரமோ இருந்தால் எறிந்துவிடுங்கள். கெட்டியாக இருந்தால் துடைத்துத் தனியே வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் இருந்த வைக்கோலையும் தாளையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

டவுன்_மாடவீதி (திருநெல்வேலி டவுன்), மே 10, காலை 11.45

பழக்கடையில் பழுக்க வைக்க ஒரு பொட்டலம் போடுவார்களே, அதைப் போட்டால் அந்தப் பச்சை 2 கிலோவும் ஒரே நாளில் பழுத்துவிடாதா?

சோதனைக்குழாய், மே 10, பகல் 12.20

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கவே கூடாது. கால்சியம் கார்பைடு கல்லாக இருந்தால், அதை வைத்துப் பழம் பழுக்க வைப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது, 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலேயே உண்டு. அதில் இருந்து வரும் அசெட்டிலின் வாயுவோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த கசடும் வரும். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பீச் தானாகவே எத்திலீன் வாயு விட்டுத் தன்னைப் பழுக்க வைத்துக்கொள்ளும் பழம். மஞ்சள் அடிப் பழத்தை நாலைந்தாகத் தாள் பையில் போட்டு, ஒரு வாழைப்பழத்தையும் வைத்து வாயை மடித்து வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பழுக்கும். பிளாஸ்டிக் பை கூடாது, வேர்த்துவிடும்.

ஆனால் அக்கா வீட்டில் நிலைமை வேறு. 5 கிலோவும் ஒரே நாளில் பழுத்தால் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு நாள் நாளாகப் பழுத்தால்தான் நல்லது. அதனால் பையும் வேண்டாம், வாழைப்பழமும் வேண்டாம். ஆச்சி சொன்ன சுளகுதான் சரி.

வெயிலுகந்தாள், மே 11, இரவு 9.30

இன்றைக்கு ஞாயிறு. மணக்கிற 3 கிலோவில் ஒரு கிலோ சாப்பிட்டாயிற்று, பக்கத்து வீட்டு மதினிக்கும் கொடுத்தாயிற்று. மீதி 2 கிலோவை ஃப்ரீசரில் போடலாம் என்று இருக்கிறேன். அப்படியே முழுசாகப் போடலாமா?

சோதனைக்குழாய், மே 11, இரவு 10.05

போடலாம், ஆனால் கொட்டையைச் சுற்றிக் கறுத்துவிடும், எடுக்கும்போது வெட்டவும் வராது. இப்படிச் செய்யுங்கள்.

தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துப் பழத்தை அரை நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். தோல் சட்டை மாதிரிக் கழன்று வரும். கழலவில்லை என்றால் பழம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். கொட்டையோடு சதை ஒட்டியிருக்கிற வகை என்றால் முறுக்கிப் பிளக்கப் பார்க்காதீர்கள், மாம்பழக் கதுப்பு அறுக்கிற மாதிரி நாலு பக்கமும் சீவி எடுங்கள்.

வெட்டிய பீச் காற்றுப் பட்டால் கறுக்கும். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் தடுக்கும், வைட்டமின் சி அதைவிட நன்றாகத் தடுக்கும். ஒரு கிலோ துண்டுக்கு ஒரு கிராம் வைட்டமின் சி பொடி, மூன்று கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசறுங்கள். சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை வேண்டாம், அதில் ஆரஞ்சு மணமும் நிறமும் இருக்கும். பிறகு கிலோவுக்கு 150 கிராம் சர்க்கரை தூவிப் பத்து நிமிடம் விட்டால் சாறு கசிந்து துண்டுகளை மூடும். அப்படியே டப்பாவில் போட்டு, மேலே ஒரு விரல் இடம் விட்டு மூடுங்கள். உறையும்போது விரியும்.

சர்க்கரை வேண்டாம் என்றால் தட்டில் ஒரே வரிசையாகப் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் அள்ளிப் போடுங்கள். ஒட்டாது. சர்க்கரை போட்டதுதான் நிறத்துக்கும் பதத்துக்கும் நல்லது. மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் தாராளமாக இருக்கும். தேதி எழுதி ஒட்டுங்கள்.

ஜங்ஷன்_ஆற்றங்கரை (திருநெல்வேலி), மே 11, இரவு 11.10

ஃப்ரீசரை மட்டுமே நம்பி இருக்காதீர்கள் அக்கா. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் ஏறி, கரண்ட் வர நாலு நாள் ஆனது. நான் அந்த வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த மாம்பழக் கூழும் நாவல் பழமும் அப்படியே போய்விட்டன. முதல் நாள் கதவைத் திறக்காமல் இருந்தபோது கட்டியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் புளித்த வாடை. அதில் இருந்து எது சேர்த்தாலும் பாதி ஃப்ரீசர், பாதி வேறு வழி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மலைத்தோட்டம், மே 12, காலை 5.50

சரியாகச் சொன்னீர்கள். ஜாம் கிளறுங்கள். ஆனால் எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது, சோதனைக்குழாய் தம்பி பதில் சொல்லட்டும். வெப்பமானி 105 டிகிரி காட்டும்போது இறக்கு என்று எங்கேயோ படித்தேன். எங்கள் வீட்டில் அது 105 வருவதற்குள் ஜாம் மிட்டாய் மாதிரி இறுகி அடிபிடித்துவிட்டது. இரண்டு தடவை. வெப்பமானி கெட்டுப்போனதா?

சோதனைக்குழாய், மே 12, காலை 9.00

வெப்பமானி நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. உங்கள் ஊர் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடும். ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கிற சூட்டைவிட 4, 5 டிகிரி கூட. எங்களுக்கு அது 104, 105. உங்களுக்கு 97, 98. நீங்கள் 105 வரை விட்டால் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் வற்றிவிடும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு தட்டை ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்க்கலாம். தோல் சுருங்கினால் பதம்.

மலைத்தோட்டம், மே 12, காலை 9.25

இத்தனை வருடம் அடுப்பையும் பாத்திரத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி தம்பி.

பொதிகைக்காற்று, மே 12, காலை 10.40

எங்கள் அம்மா பீச் ஜாமில் கொய்யா போடுவார்கள். இல்லாவிட்டால் ஓடும். புளியங்குடி எலுமிச்சை இரண்டு பிழிவார்கள்.

சோதனைக்குழாய், மே 12, காலை 11.00

அம்மா செய்தது மிகவும் சரி. பழுத்த பீச்சில் பெக்டின் குறைவு, கொய்யாவில் நிறைய உண்டு. அதிலும் செங்காய்ப் பதத்தில் இருக்கிற கொய்யா இன்னும் நல்லது. ஒரு கிலோ பீச் கூழுக்கு இரண்டு கொய்யாவைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டி அந்தச் சாற்றைச் சேருங்கள். விதை வந்துவிடக்கூடாது. முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு மூன்று எலுமிச்சையின் சாறு. சர்க்கரையைக் குறைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். குறைத்தால் அது ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடிக்க வேண்டிய ஜாம். அலமாரியில் நிற்க வேண்டும் என்றால் கரைந்த திடப்பொருள் 65 சதவீதமாவது இருக்க வேண்டும், அதில் பெரும்பங்கு சர்க்கரைதான்.

அரங்குவீடு, மே 12, பகல் 3.10

கருப்பட்டி போட்டு நான் செய்து பார்த்தேன். ருசி நன்றாகத்தான் இருந்தது, பழத்தின் மணம்தான் காணாமல் போய்விட்டது. அது பச்சடி மாதிரி, இரண்டு நாள் வைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். சேர்த்து வைப்பதற்கு வெள்ளைச் சர்க்கரைதான்.

டவுன்_மாடவீதி, மே 12, மாலை 6.30

பழத்துண்டைச் சர்க்கரைப் பாகில் போட்டு, சூடாக இருக்கும்போதே பாட்டிலில் ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் ஒரு வருடம் இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது.

சோதனைக்குழாய், மே 12, இரவு 7.15

இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஊறுகாயில் உப்பு காப்பாற்றுகிறது, ஜாமில் சர்க்கரை காப்பாற்றுகிறது. மெல்லிய பாகில் போட்ட துண்டை எது காப்பாற்றும்? புளிப்பு மட்டும்தான். காற்றே இல்லாத பாட்டிலுக்குள் வளர்கிற போட்டுலிசம் என்கிற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. அதன் வித்துக்கள் கொதிநீரில் சாகாது. புளிப்பை அளக்கிற பிஎச் எண் (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6க்குக் கீழே இருந்தால் முளைக்காது. மஞ்சள் சதைப் பீச் அந்த எல்லைக்குள் இருக்கும். வெள்ளைச் சதைப் பீச் சில வகைகளில் எல்லையைத் தாண்டிவிடும். அதனால் வெள்ளைச் சதையை வீட்டில் பாட்டிலில் அடைக்கக் கூடாது. ஃப்ரீசர்தான் அதற்கு. நஞ்சு சேர்ந்தாலும் வாடை தெரியாது, ருசியும் மாறாது. அதுதான் பயம்.

மஞ்சள் சதையை அடைக்க ஆசை என்றால் முறையாகச் செய்யுங்கள். துண்டுகளைப் பாகில் ஒரு கொதி விட்டுச் சூடான பாட்டிலில் நிரப்பி, புது மூடி போட்டு, மூடிக்கு மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரிப் பெரிய பாத்திரத்தில் முக்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதில் இருந்து அரை லிட்டர் பாட்டிலுக்கு 20 நிமிடம், ஒரு லிட்டருக்கு 25 நிமிடம். இது நம் சமவெளிக்கு. மலைத்தோட்டம் அண்ணாச்சிக்கு 35, 40 நிமிடம், ஏனென்றால் அங்கே கொதிநீரின் சூடே குறைவு. பழைய மூடி இறுகப் பிடிக்காது. கவிழ்த்து வைப்பதால் ஒன்றும் நடக்காது.

டவுன்_மாடவீதி, மே 12, இரவு 7.40

எனக்கு வந்த பழம் வெள்ளைச் சதை. செய்யாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. வீட்டில் சொல்லிவிட்டேன்.

வெயிலுகந்தாள், மே 14, இரவு 9.00

நடந்ததைச் சொல்கிறேன். ஃப்ரீசரில் மூன்று டப்பா. சுளகில் இருந்த 5 கிலோவில் தினமும் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ என்று பழுத்துக்கொண்டிருக்கிறது. சாறு முழங்கை வரை வழிகிறது. போன வருடம் இந்த ருசியைத்தான் ஃப்ரிட்ஜில் வைத்துக் கெடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நேற்று ஒன்றரைக் கிலோவில் ஜாம் கிளறினேன், கொய்யா போட்டு. மூன்று பாட்டில் வந்தது, கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தேன்.

பச்சை 2 கிலோ அப்படியே இருக்கிறது. ஆச்சி, வற்றல் போடலாமா?

அரங்குவீடு, மே 15, காலை 6.15

பச்சையில் வற்றல் போடாதே மகளே, புளித்து நாரு நாராகப் போகும். வற்றலுக்கு நன்றாகப் பழுத்து, ஆனால் குழையாத பழம் வேண்டும்.

கால் அங்குலத் தடிமனில் சீவி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வடித்து, தட்டட்டியில் (மொட்டை மாடி) பாய் விரித்துத் துணி போட்டு அதன்மேல் பரப்பு. மேலே கொசுவலைத் துணி கட்டு, ஈ மொய்க்கும். வெயில் தாழ்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி ஈரம் பட்டால் பகலெல்லாம் காய்ந்தது வீண். எங்கள் ஊரில் அப்பளம் காய்கிற வெயிலுக்கு மூன்று நாள், நாலு நாள். மடித்தால் ஒடியாமல் தோல் மாதிரி வளைய வேண்டும், பிதுக்கினால் ஈரம் வரக்கூடாது. ஒரு கிலோ பழம் காய்ந்து 150 கிராமுக்கு வந்துவிடும், பயந்துவிடாதே.

ஒன்று சொல்கிறேன், எல்லாரும் இதில்தான் தவறுகிறார்கள். காய்ந்ததும் பாட்டிலை இறுக நிரப்பாதே. முக்கால் பாகம் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கு. கண்ணாடியில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் திரும்ப வெயிலில் போடு. கோக்கவில்லை என்றால் பிறகு இறுக்கி மூடு.

பொதிகைக்காற்று, மே 15, காலை 8.00

எங்கள் பக்கம் வைகாசிக் கடைசியில் சாரல் தொடங்கிவிட்டால் தட்டட்டியில் ஒன்றும் காயாது ஆச்சி. போன ஆனியில் நான் போட்டது மூன்றாம் நாள் பூசணம் பூத்தது.

பணகுடி_காற்றாலை (பணகுடி), மே 15, காலை 9.20

எங்களுக்கு நேர் எதிர். ஆனி, ஆடியில் வெயில் குறைவானாலும் காற்று வாங்கு வாங்கு என்று வாங்கும், ஜன்னல் ஓரம் வீட்டுக்குள்ளேயே காய்ந்துவிடும். வெளியே வைத்தால்தான் மண் அடிக்கும். உள்ளே கயிற்றுக் கட்டிலில் வலைத் துணி போட்டுப் பரப்பினேன், கீழே இருந்தும் காற்று வரும், அதனால் திருப்பிப் போடுகிற வேலைகூடக் குறைவு.

சோதனைக்குழாய், மே 15, காலை 10.10

வெயிலில் காய்ந்ததில் பூச்சி முட்டை இருக்க வாய்ப்பு உண்டு. மூடி வைப்பதற்கு முன்னால் பையில் போட்டு இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் போதும். கடையில் வருகிற பொன்னிற வற்றலுக்குக் கந்தகம் போடுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வீட்டு வற்றல் கொஞ்சம் கறுத்தால் கறுக்கட்டும்.

மலைத்தோட்டம், மே 15, மாலை 5.45

பச்சைக்கு நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் பிள்ளைகள் அதை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பார்கள். என் மாமியார் அதை மாங்காய் மாதிரியே துண்டு போட்டு ஊறுகாய் ஆக்கிவிட்டார்கள். கிலோவுக்கு 120 கிராம் கல் உப்பு, இரண்டு நாள் குலுக்கி ஊற வைத்து, மிளகாய்த்தூள், வெந்தயப் பொடி, பெருங்காயம், காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய். மாங்காய் அளவு புளிப்பு இல்லாததால் எலுமிச்சை நாலைந்து பிழிந்துகொள்ளுங்கள். பரணியில் போட்டாலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

ஜங்ஷன்_ஆற்றங்கரை, மே 15, இரவு 8.30

கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் மாதிரிப் பருப்பு இருக்கிறது. பாதாம் வாசனையும் வருகிறது. என் மகன் தின்னப் பார்த்தான்.

சோதனைக்குழாய், மே 15, இரவு 8.35

தின்ன விடாதீர்கள். அதில் அமிக்டலின் இருக்கிறது, வயிற்றுக்குள் போனால் சயனைடு ஆகும். மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூடப் போட வேண்டாம். பிள்ளை ஏற்கெனவே தின்றிருந்தால், எத்தனை என்று கேட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜங்ஷன்_ஆற்றங்கரை, மே 15, இரவு 8.38

தின்னவில்லை தம்பி. பிடுங்கி எறிந்துவிட்டேன். நட்டு வைத்தாலாவது முளைக்குமா?

மலைத்தோட்டம், மே 15, இரவு 9.10

குளிர் காட்டினால் முளைக்கும். ஆனால் நெல்லையில் காய்க்காது. பீச் மரத்துக்கு வருடத்தில் சில நூறு மணி நேரமாவது 7 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும், அப்போதுதான் உறங்கி எழுந்து பூக்கும். குறைந்த குளிரே போதும் என்கிற வகைகளுக்கும் மலை வேண்டும். மரம் பச்சையாக நிற்கும், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

வெயிலுகந்தாள், நவம்பர் 23, காலை 10.15

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். வெளியே நல்ல மழை. நேற்று ஃப்ரீசரில் இருந்து கடைசி டப்பாவை எடுத்தேன். முழுக்க உருக விடாமல், ஓரத்தில் ஐஸ் இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நிறம் மாறவில்லை. முழுக்க உருகினால் குழைந்துவிடுகிறது, இதை யாராவது செய்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஜாமில் இரண்டு பாட்டில் தீர்ந்தது, ஒன்று அலமாரியில் இருக்கிறது. ஊறுகாய் ஆடிக்கு முன்பே காலி. வற்றல் அரைக் கிலோ பழத்தில்தான் போட்டேன், ஒரு வாரம் குலுக்கியதில் இரண்டாம் நாள் நீர் கோத்தது, திரும்பக் காய வைத்தேன். அதையும் சொல்லியிருக்காவிட்டால் அப்படியே மூடியிருப்பேன். 11 கிலோவில் எறிந்தது அந்த மூன்று பழம்தான்.

தம்பியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த சித்திரைக்குப் பெட்டியில் குவித்துக் கொண்டுவராமல், முட்டைத் தட்டு மாதிரிக் குழி உள்ள தட்டில் ஒரே வரிசையாக அடுக்கி, அடி மஞ்சளானதை மட்டும் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். வத்தலகுண்டு இறங்குகிற வரை மலைப்பாதைக் குலுக்கலில்தான் அடிபடுகிறதாம். இரவு பஸ்ஸில் வந்தால் வெக்கையும் இருக்காது என்கிறான். 15 கிலோ கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான்.

அரங்குவீடு, நவம்பர் 23, பகல் 2.40

வாங்கி வரச் சொல். 15 கிலோவுக்கு இரண்டு சுளகு பத்தாது மகளே. என்னிடம் பழைய சுளகு மூன்று சும்மா கிடக்கிறது, சாணி மெழுகி வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்குப் பாளைக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.